ஒரே ஒரு நல்ல காது

புது எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் ஆறு மாதத்துக்கு அதில் எதையும் மாற்றாதீர்கள். நேற்று என் பட்டறையில் நின்றபோது, உங்கள் மகள் ஒன்று வேண்டும் என்று அடம்பிடிப்பதாகச் சொன்னீர்கள். வாங்கியவுடன் பிக்கப்பை மாற்றினால்தான் நல்ல சத்தம் வருமாமே என்றும் கேட்டீர்கள். விசாரணைக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் கேட்கலாமா என்று உங்களுக்கே கூச்சமாக இருந்தது போல. சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கியதை அப்படியே வாசிக்கட்டும். தந்திகளை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கு எழுத்தில் பதில் தரச்சொல்லி ஒற்றைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் என் தங்கையின் கணவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எனக்கு எப்போதிலிருந்து தெரியும்? நாலு வரி போதும் என்றீர்கள். நாலு வரியில் அடங்காது. கூடுதல் தாள்களை நானே சேர்த்திருக்கிறேன்.

நான் கிட்டார் பழுதுபார்ப்பவன். இருபத்திரண்டு வருடமாக இதே பட்டறை, இதே மேசை. பிக்கப் என்பது தந்திகளுக்குக் கீழே பதிந்திருக்கும் சிறிய பொருள். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். தந்தி அதிர்வதை அது மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். மேலே ஒரு மூடி. மூடியில் தயாரித்தவரின் பெயர். கிட்டார்க்காரர்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்வது அந்தப் பெயரைத்தான்.

புதிதாக வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெட்டியைப் பிரித்த வாரமே என்னிடம் வந்துவிடுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு விரல் நகராது, தாளம் நிற்காது, குறை மட்டும் பிக்கப்பில் இருக்கும். பிக்கப்பை மாற்றிய பிறகு தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ். பிரிட்ஜுக்குப் பிறகு தந்தியை முறுக்கும் ட்யூனர்கள். பிறகு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகு, இந்தக் கிட்டாரின் மரமே சரியில்லை என்று புதுக் கிட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லவில்லை, நான் என்ன இவர்களுடைய அப்பாவா?

என் முதன்மை வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். அவரிடம் பதினொரு கிட்டார்கள் இருக்கின்றன. ஒரு பல்லைப் பிடுங்கும் நேரம் ஆகும் அவருக்கு ஒரு கார்டிலிருந்து, அதாவது ஒரு சுரக்கூட்டிலிருந்து, அடுத்த கார்டுக்கு விரலை மாற்ற. ஆனால் பேச ஆரம்பித்தால், "இதுல நடு சத்தம் கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி இருக்கு பாருங்க" என்பார். இன்னொருவர் கட்டிடக் காண்ட்ராக்டர். தங்க நிற ட்யூனர் போட்டால் சுருதி நிற்குமா என்று கேட்டார். நீங்கள் வாசிக்காதவரை நிற்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "நிக்கும் சார்," என்றேன்.

ஒன்பது வருடம் முன்பு ஒரு பகலில் இந்தக் கதை தொடங்கியது. பல் டாக்டர் தன் ஆறாவது கிட்டாரை ஒப்படைத்து, புது பிக்கப் மூன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்குக் கை ஒழியவில்லை. தந்தியை மட்டும் மாற்றி, உடம்பைத் துடைத்து ஓரமாக வைத்திருந்தேன். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்து நின்றார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மூன்று கார்டையும் ஒரு சுற்று வாசித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் தண்ணீர்.

"இப்பதான்யா இதுக்கு உயிரே வந்திருக்கு," என்றார்.

பொருத்தாத அந்த மூன்று பிக்கப்பையும் மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். அன்று முழுவதும் சிரித்தேன் என்று நினைக்காதீர்கள். பதின்மூன்று வருடமாகப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, மயிரிழைக் கம்பிகளைச் சால்டர் செய்ததெல்லாம் இந்தக் காதுகளுக்காகத்தானா என்று தோன்றியது. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பது எனக்கும் தெரியும். அந்தக் கழுதை கற்பூரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் ஒழுங்காக மாற்றுவேன். ட்யூனர், பிரிட்ஜ், குமிழ், திருகாணி, ஒன்றிலும் குறை வைத்ததில்லை. பிக்கப்பில் மட்டும் புதியதன் மூடியைக் கழற்றிப் பழையதன் மேல் போட்டுவிடுவேன். உள்ளே இருக்கும் காந்தமும் கம்பியும் பழையவை. முகம் மட்டும் புதிது. மூடி கழற்றிய புது பிக்கப்பை அதன் பெட்டியிலேயே போட்டு, யாருடையது என்று மேலே எழுதி, மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துவிடுவேன்.

இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒன்றைக்கூட விற்கவில்லை. இழுப்பறையின் சாவி இந்தத் தாள்களோடு இருக்கிறது. திறந்து பாருங்கள், நாற்பத்தொரு பெட்டிகள். எவராவது வந்து, இது பழைய பிக்கப் போல இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்து, காலில் விழுந்து வணங்கியிருப்பேன். ஒன்பது வருடமாகக் காத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, உயிர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. தேர்வு வைத்தேன், எல்லாரும் தோற்றார்கள்.

என் தங்கை கணவரை இந்தக் கணக்கிலேயே நான் சேர்த்ததில்லை. மாப்பிள்ளை பேச்சுக் குறைந்தவர். எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு அவர் நகக்கண்ணில் இருக்கும். குடும்பத்தில் ஏதாவது பேச்சு நடந்தால் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளையா மர நாற்காலியா என்று என் மனைவியிடம் நான் கேலி செய்திருக்கிறேன்.

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அது திருகுவதற்கு அல்ல. ஓடுகிற எஞ்சின்மேல் அதன் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக் குழியில் அழுத்திக்கொண்டு கேட்பார். எந்தப் பேரிங் தேய்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்பதெல்லாம் அந்த இரும்பு வழியாக அவருக்கு வந்து சேரும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டும் அப்படியே கேட்பார். பணிமனையில் இயந்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. இருந்தாலும் மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவர் வைத்துத் தலையாட்டினால்தான் டிரைவர்கள் வண்டியை வெளியே எடுப்பார்கள் என்று தங்கை பெருமையாகச் சொல்வாள். அவளுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்வேன்.

போன வருடம் அவர் ஒரு புது எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"சின்ன வயசுலேர்ந்து ஆசை மச்சான். சிரிக்காதீங்க," என்றார்.

"நல்ல விஷயம்தானே மாப்பிள்ளை. நான் எதுக்குச் சிரிக்கப்போறேன்?" என்றேன்.

அவரும் எங்கோ படித்திருந்தார். நல்ல பிக்கப் ஒன்று போட்டால் சத்தம் தெளிவாக வருமாம். கூடுதல் நேர வேலை பார்த்து அதையும் வாங்கிவைத்திருந்தார். பெட்டியைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். தங்கை கணவராயிற்றே, இவருக்காவது நேர்மையாகச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் கை பழகிய வழியில்தான் போகும். தவிர, நாள் முழுக்க டீசல் எஞ்சின் அலறுகிற இடத்தில் நிற்கும் மனுஷனுக்கு இது எதற்கு? மூடியை மாற்றினேன். புதியதைப் பெட்டியில் போட்டு மேலே "மாப்பிள்ளை" என்று எழுதினேன். அது நாற்பத்தொன்றாவது.

சனிக்கிழமை மத்தியானம் வாங்கிப் போக வந்தார். அப்போது பல் டாக்டரும் காண்ட்ராக்டரும் பட்டறையில் இருந்தார்கள். மாப்பிள்ளை வெட்கத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரில் இணைத்து நாலைந்து சுரம் வாசித்தார். அவர் வாசிப்பு உருப்படியில்லை. விரல் தடுமாறியது, தந்தி கீச்சிட்டது. வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரே தந்தியை மறுபடி மறுபடி மீட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையைப் பிக்கப்பின் ஓரத்தில் மெதுவாக வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு மறுபடி மீட்டினார். பிறகு முனையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்துக் கேட்டார். காண்ட்ராக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மச்சான், இது பழசுதானே?" என்றார் மாப்பிள்ளை.

"எது?"

"பிக்கப்பு. மூணாவது தந்திய விட்டா கடைசில ஒரு சின்ன கரகரப்பு வரும், மணல்ல கால் தேய்க்கிற மாதிரி. வாங்கின அன்னைக்கே கேட்டேன். இப்பவும் அப்படியே வருது. மூடி மட்டும் புதுசு."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இந்த வண்டியில் இடது சக்கரம் கொஞ்சம் இழுக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார், அவ்வளவுதான். பல் டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு தன் தோளில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது. மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார்.

"இல்லல்ல, என் காதுதான் தப்பா இருக்கும். எஞ்சின் சத்தத்துலயே கெடக்கறவன். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க மச்சான். அவசரத்துல பெட்டி மாறியிருக்கும், அதனால என்ன, மெதுவா பாருங்க," என்று கிட்டாரை மேசையில் வைத்துவிட்டு, மற்ற இருவரையும் பார்த்து, "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க," என்றார்.

இரக்கம். எனக்கு, அவரிடமிருந்து. பொய் சொல்லியாவது என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நகக்கண்ணில் கறுப்போடு, பேசத் தெரியாத ஒரு மனுஷன், எல்லார் முன்னாலும் என்னை மன்னித்துவிட்டுப் போனார்.

நீங்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அன்றும் மறுநாளும் நான் மகிழ்ச்சியாகவே இருந்தேன். ஒன்பது வருடமாகத் தேடிய காது கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மனைவியிடம்கூட, மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்லை என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க மாப்பிள்ளைய ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன். என் கிட்டாரெல்லாம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும், சும்மா ஒரு ஆசை," என்றார். கார்டு மாற்றத் தெரியாதவர் எனக்குத் தேர்வு வைக்கக் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளைக்குப் பொய் வராது, அன்று வந்ததுபோல ஒரு தடவை வேண்டுமானால் வரும். பதினொரு கிட்டாரை வரிசையாக வைத்தால் பதினொரு முறை வராது.

நிதானமாக யோசித்தேன். நாற்பது கிட்டார்களின் சொந்தக்காரர்கள் என் வேலையில் திருப்தியாக இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தோஷம் உண்மையானது, கண்ணீர்கூட விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு காது அதைக் கெடுக்கப் போகிறது. ஒரு இயந்திரத்தில் ஒரு பாகம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் மற்ற நாற்பது பாகத்தையுமா மாற்றுவோம்? ஒத்துப்போகாததைச் சரிசெய்வோம். என் தொழிலே அதுதான்.

வெள்ளிக்கிழமை அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மாப்பிள்ளை, நீங்க சொன்னது சரிதான். பெட்டி மாறிப்போச்சு. இப்ப புதுசைப் போட்டுட்டேன். ஆனா எங்கேயோ ஒரு சின்ன இரைச்சல் வருது, எனக்குப் பிடிபடல. உங்க காது வேணும்," என்றேன்.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே சலவைச் சட்டையோடு வந்து நின்றார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் உதவி என்று எதையும் கேட்டதில்லை. தேநீர் கொடுத்தேன். ஆற்றிக் குடித்தார். பிறகு மேசைக்கு எதிரில் உட்காரவைத்து, காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்ஃபோனை நானே மாட்டிவிட்டேன். வழக்கமாக அதைச் சோதனைக்கு வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் இணைப்பேன். அன்று மேடைக்குக் கொண்டுபோகும் பெரிய ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தேன். அதன் குமிழ்கள் எல்லாவற்றையும் கடைசிவரை திருப்பி வைத்திருந்தேன். கிட்டாரில் இருக்கும் குமிழ் மட்டும் பூச்சியத்தில் இருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டுக் கவனமா கேளுங்க," என்றேன்.

மூடினார். முகத்தைக் கொஞ்சம் தூக்கினார். நெற்றி சுருங்கியது. பஸ் எஞ்சின் முன்னால் அவர் நிற்பதை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது.

"கேக்குது மச்சான். ரொம்ப தூரத்துல, ஈ பறக்கற மாதிரி," என்றார்.

கிட்டாரின் குமிழை முழுதாகத் திருப்பி ஆறு தந்திகளையும் சேர்த்து அடித்தேன். ஒருமுறை போதும் என்றுதான் முன்பே முடிவுசெய்திருந்தேன். அவர் கை ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று முறை அடித்துவிட்டேன்.

அவர் ஸ்டூலோடு சாய்ந்து விழுந்தார். நான் குமிழைப் பழையபடி வைத்துவிட்டுத் தூக்கிவிட்டேன். ஒயர் அவர் காலில் சுற்றியிருந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைவரை கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அப்படிப் பேசினார் என்பது எனக்குப் புரிந்தது.

"என் கால் பட்டு ஒயர இழுத்துட்டேன் போல மச்சான். மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஒன்றும் ஆகவில்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கு நிம்மதியாக இருந்தது. கிட்டாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து எனக்குத் தெரியும். அவருக்கே அதற்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டு வாரத்தில் தங்கை வந்தாள். "அண்ணா, அவருக்கு என்னவோ ஆயிடுச்சு. பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார். ராத்திரியெல்லாம் காதுக்குள்ள விசில் அடிக்குதுன்னு உட்கார்ந்திருக்கார். டாக்டர்கிட்டயும் வர மாட்டேங்கறார், வேலைல யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார். பணிமனைல சொல்லச் சொல்லுங்கண்ணா, பஸ் சமாச்சாரம், பயமா இருக்கு," என்று அழுதாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லத்தான் போனேன். ஆனால் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். என் உதடுகளையே பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சா என்னை மூலையில உட்கார வெச்சு ரெஜிஸ்டர் எழுத விட்டுருவாங்க மச்சான். எனக்கு வேற என்ன தெரியும்? கொஞ்ச நாள்ல சரியாயிடும். நீங்க யார்கிட்டயும் வாய் திறக்காதீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தேன். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன். தங்கையிடம், வயசானால் எல்லாருக்கும் வருவதுதான், பணிமனையிலும் பேசியாயிற்று என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்புவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பல் டாக்டர் வீட்டுக்கும் மாப்பிள்ளையைக் கூட்டிப்போனேன். பதினொரு கிட்டாரையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார் டாக்டர். மாப்பிள்ளை ஒவ்வொன்றின்மேலும் ஸ்க்ரூடிரைவரை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "எல்லாம் அருமைங்க," என்றார். டாக்டர் உச்சி குளிர்ந்துபோய் எனக்குக் கை கொடுத்தார்.

பணிமனையிலும் அவர் அதே மாதிரித்தான் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து மாதம். முன் சக்கரம் முனகுகிறது, ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கள் என்று விபத்துக்குள்ளான பஸ்ஸின் டிரைவர் கேட்டதாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தலையாட்டினாராம். மேட்டுச் சாலை இறக்கத்தில் சக்கரம் கழன்று போனது. முன் இருக்கையில் இருந்த நர்ஸ் இறந்துபோனார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அவருடைய படத்தையும் போட்டிருந்தார்கள். சாதாரண முகம்.

நேற்று உங்கள் கோப்பு என் மேசைமேல் திறந்திருந்தது. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. "மெக்கானிக்கின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தாள்களை நான் எழுதுவதற்கும் அதுதான் காரணம். குற்ற உணர்ச்சி அது இது என்று நீங்களாக எதையும் சேர்த்துவிடாதீர்கள். கவனக்குறைவு என்ற சொல்லை இந்த ஊரில் யார் பெயருக்கு முன்னால் வேண்டுமானாலும் எழுதலாம், அவர் பெயருக்கு முன்னால் மட்டும் எழுத முடியாது. மணலில் கால் தேய்க்கிற அளவு சத்தத்தைக் கேட்டவர் அவர். அந்த முனகலைக் கேட்டிருந்தால் வண்டியை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டார். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காமல் செய்தது நான். அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலையிலிருந்து நிறுத்திவைத்த பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தங்கை அவருக்கு முன்னால் அழுவதில்லை. அழுதாலும் அவருக்குக் கேட்காதே, பிறகு ஏன் அடுக்களைக்குப் போய் அழுகிறாள் என்று தெரியவில்லை. போன வாரம் அந்தக் கிட்டாரைத் தந்தி மாற்ற வேண்டும் என்று சொல்லி வாங்கி வந்தேன். நாற்பத்தொன்றாவது பெட்டியைத் திறந்தேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, மேசை விளக்கைக் கிட்டே இழுத்து, பூதக்கண்ணாடி வைத்து, புது பிக்கப்பை ஒழுங்காகப் பொருத்தி, பழையதை அந்தப் பெட்டியில் வைத்தேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது தந்தியில் அந்தக் கரகரப்பு இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே, அது போன பிறகுதான் என் காதுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். பழக்கம் விடுமா, ஸ்க்ரூடிரைவரை எடுத்து வைத்தும் கேட்டார். நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ளை? ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

அவர் மூன்றாவது தந்தியை நாலு முறை மீட்டினார். அவசரப்படாமல், ஒழுங்காக, எப்போதும் கேட்பதைப் போலவே கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படியேதான் இருக்கு மச்சான். ஒரு வித்தியாசமும் இல்ல."

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த ஒரே ஒரு நல்ல காது அது. அந்தக் காதே கேட்டுவிட்டு, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியானால் இத்தனை வருடமாக நான் யாரையும் ஏமாற்றவில்லை.